ஒஃபீலியாவை யார் பார்த்துக்கொண்டிருந்தார்கள்?



போன பருவத்தில் நம் ஆங்கில மன்றம் ஒரு கட்டுரைப் போட்டி வைத்தது ஞாபகம் இருக்கும். ஷேக்ஸ்பியரின் ‘ஹாம்லெட்’ நாடகத்தில் வரும் பைத்தியத்தைப் பற்றி நாலு பக்கத்துக்கு மிகாமல் எழுத வேண்டும். தலைப்பை நாமே தேர்ந்தெடுத்து முதலில் இங்கிலீஷ் மிஸ்ஸிடம் ஒப்புதல் வாங்க வேண்டும். கட்டுரை எழுத எனக்கு ஆனது இரண்டு நாள். தலைப்பு கிடைக்க ஆனது பதினெட்டு நாள். அந்தப் பதினெட்டு நாள் கதையை எழுதச் சொல்லி இதழ்க் குழு கேட்டதால் எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், நாலு சார்ட் பிடித்திருக்கிறது. பெல் அடித்துவிட்டால் மீதியை நாளைக்குப் படியுங்கள். சார்ட் இங்கேயேதான் இருக்கும். கை ஈரத்தோடு தொடாதீர்கள், ஸ்கெட்ச் கலைந்துவிடும்.

கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். டென்மார்க் இளவரசன் ஹாம்லெட். அப்பா செத்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை, அம்மா கெர்ட்ரூட் சித்தப்பா கிளாடியஸைக் கல்யாணம் செய்துகொள்கிறாள். சித்தப்பாதான் இப்போது ராஜா. அப்பாவின் ஆவி வந்து, தூங்கும்போது காதில் விஷம் ஊற்றித் தன்னைக் கொன்றது தம்பிதான், பழிவாங்கு என்கிறது. அதன்பிறகு ஹாம்லெட் பைத்தியம் மாதிரி நடக்க ஆரம்பிக்கிறான். அவனை நேசித்த பெண் ஒஃபீலியா. அவள் அப்பா பொலோனியஸ் ராஜாவின் மந்திரி. திரைக்குப் பின்னால் ஒளிந்து ஒட்டுக்கேட்டவரை ஆள் தெரியாமல் ஹாம்லெட் குத்திக் கொன்றுவிடுகிறான். ஒஃபீலியாவுக்கு நிஜமாகவே புத்தி பேதலித்துப்போகிறது. ஓடையில் மூழ்கிச் சாகிறாள். கடைசிக் காட்சியில் ராஜா, ராணி, ஒஃபீலியாவின் அண்ணன் லயர்ட்டீஸ், ஹாம்லெட் எல்லோருமே போய்ச் சேர்கிறார்கள். நாடகம் எழுதப்பட்டது 1600-ஐ ஒட்டி. முதல் அச்சு 1603-இல் வந்தது.

நான் முதலில் கொடுத்த தலைப்பு: ‘ஹாம்லெட் நிஜப் பைத்தியமா, நடித்தானா?’ கொடுத்துவிட்டுப் பெருமையாக வந்து உட்கார்ந்தேன். வகுப்பில் பாதிப் பேர் அதே தலைப்பைத்தான் கொடுத்திருந்தார்கள். மிஸ் என் தாளில் சிவப்பு மையில் ஒரே ஒரு வரி எழுதித் திருப்பிக் கொடுத்தார்: “நாலாவது பக்கத்தில் என்ன எழுதுவாய்?”

வீட்டுக்குப் போய்ச் சாட்சிகளை எழுதிப் பார்த்தபோதுதான் கேள்வி புரிந்தது. முதல் அங்கத்திலேயே ஹாம்லெட் தன் நண்பர்களிடம், இனிமேல் நான் கிறுக்குத்தனமாக நடந்துகொண்டால் உங்களுக்குக் காரணம் தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளாதீர்கள் என்று சத்தியம் வாங்கிவிடுகிறான். அப்போது நடிப்பு. மூன்றாம் அங்கத்தில் அம்மாவிடமும் எனக்குப் பைத்தியம் இல்லை, தந்திரம்தான் என்கிறான். சரி, நடிப்பேதான். ஆனால் ஐந்தாம் அங்கத்தில் லயர்ட்டீஸிடம் மன்னிப்புக் கேட்கும்போது, உன் அப்பாவுக்கு நடந்ததை நான் செய்யவில்லை, என் பைத்தியம் செய்தது என்கிறான்! இன்னொரு இடத்தில், வடமேற்குப் பக்கம் காற்று திரும்பினால் மட்டும்தான் தனக்குப் பைத்தியம் என்று கேலி பேசுகிறான். (நம்ம மணலிக்காரர்களுக்குக் காற்று எந்தப் பக்கம் என்று மூக்கே சொல்லிவிடும். பாவம் டென்மார்க்காரர்கள்.) இரண்டு பக்கமும் இத்தனை சாட்சி இருந்தால் நாலாவது பக்கத்தில் என்ன வரும்? ‘ஆகவே கொஞ்சம் நடிப்பு, கொஞ்சம் நிஜம்’ என்று பட்டிமன்ற நடுவர் மாதிரி தீர்ப்பு சொல்லிவிட்டு எழுந்து போக வேண்டியதுதான். அந்தத் தீர்ப்பை எழுத நாடகத்தைப் படிக்கவே வேண்டாம்.

இரண்டாவது முயற்சியில் நேர் எதிர்ப்பக்கம் போனேன். ‘பைத்தியம்’ என்ற சொல்லையே பிடித்துக்கொண்டேன். பித்தம் என்பதிலிருந்து வந்த சொல்தான் பைத்தியம். உடம்பில் பித்தம் தலைக்கேறினால் புத்தி கலங்கும் என்பது நம் வைத்தியம். ஆச்சரியம் என்னவென்றால், ஷேக்ஸ்பியர் காலத்து இங்கிலாந்திலும் ஏறக்குறைய இதே கணக்குதான். உடம்பில் நாலு நீர்கள், அதில் கரும்பித்தம் கூடினால் மனச்சோர்வு. ‘மெலங்கலி’ என்ற சொல்லுக்கே கிரேக்கத்தில் கரும்பித்தம் என்றுதான் அர்த்தம். 1586-இல் திமோதி பிரைட் என்ற மருத்துவர் அதைப் பற்றித் தனியாக ஒரு புத்தகமே எழுதினார். ஹாம்லெட்டும் தனக்கு மெலங்கலி இருப்பதாக வாய்விட்டுச் சொல்கிறான். அதோடு நிறுத்தியிருக்கலாம். நான் திருவொற்றியூர் பக்கம் வேறு போய்விட்டேன். சிவபெருமானைப் பித்தன் என்று திட்டிய சுந்தரர், சங்கிலியாரைக் கல்யாணம் செய்துகொண்ட ஊர் அது. கசந்த பேய்க்கரும்பு பட்டினத்தார் கையில் இனித்த இடமும் அதே கடற்கரை என்பார்கள். ஊரார் கண்ணுக்குப் பைத்தியமாகத் தெரிந்தவர் நமக்குச் சித்தர். இதையெல்லாம் சேர்த்து ‘பித்தும் பைத்தியமும்: கிழக்கும் மேற்கும்’ என்று தலைப்பு வைத்தேன்.

மிஸ் சிரித்துவிட்டார். “துறைமுகத்துக்கு வர்ற கப்பலைத் தோணியில ஏத்தப் பாக்குறியே. இதுல ஹாம்லெட் எங்கப்பா?” என்றார். எண்ணிப் பார்த்தேன். நான் எழுதி வைத்திருந்த குறிப்பு பதினோரு பக்கம், அதில் நாடகம் வந்தது ஒன்றரைப் பக்கம்.

மூன்றாவது முயற்சிக்குக் காரணம் என் தாத்தா. ஹாம்லெட் என்றதும் அவர், “நம்ம சிவாஜி போட்ட வேஷமாச்சே!” என்றார். ‘ராஜபார்ட் ரங்கதுரை’ (1973) படத்தில் நாடக நடிகராக வரும் சிவாஜி மேடையில் ஹாம்லெட்டாக நடிப்பதைச் சொல்கிறார். அதற்கும் ரொம்ப முன்னாலேயே ஹாம்லெட் தமிழுக்கு வந்துவிட்டான் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். பம்மல் சம்பந்த முதலியார் (1873–1964) பதினெட்டு வயதில், 1891-இல் சென்னையில் சுகுண விலாச சபை என்ற நாடகக் குழுவைத் தொடங்க முன்நின்றவர். வக்கீல், பின்னாளில் நீதிபதி. ஹாம்லெட்டை ‘அமலாதித்யன்’ என்று தமிழில் எழுதி, அந்த வேஷத்தைத் தானே போட்டு நடித்தார். அந்தச் சபையில் பெண் வேஷங்களையும் ஆண்களே போட்டார்கள். ஷேக்ஸ்பியர் காலத்து லண்டனிலும் அப்படித்தான், ஒஃபீலியாவாக நின்றது ஒரு பையன்.

சம்பந்த முதலியாரின் சொந்த நாடகமான ‘மனோகரா’வில் வசந்தன் என்று ஒரு பாத்திரம் உண்டு. 1954-இல் வந்த படத்தில் காகா ராதாகிருஷ்ணன் நடித்தார். வசந்தசேனையின் புத்தி சுவாதீனமில்லாத மகன். அவனை அரியணையில் ஏற்றத்தான் அவள் அத்தனை சூழ்ச்சியும் செய்கிறாள். தாத்தாவோடு உட்கார்ந்து படத்தைப் பார்த்தேன். வசந்தன் வந்தபோதெல்லாம் தாத்தா சிரித்தார், அப்பா சிரித்தார், நானும் சிரித்தேன். உள்ளறையில் இருந்த அத்தை மட்டும் வெளியே வரவில்லை. அது அப்போது என் மண்டையில் உறைக்கவில்லை.

இனி எழுதப்போவதை அத்தையிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். “பேரு மட்டும் போடாதடா” என்றார்.

அத்தை என்றால் அப்பாவின் தங்கை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் எங்களோடு வந்து தங்கினார். மாமா தவறிப்போன பிறகு தூக்கம் கெட்டது, சாப்பாடு கெட்டது. அப்புறம் ராத்திரியில் மொட்டை மாடிக்குப் போய் நிற்க ஆரம்பித்தார். ஆலைப் பக்கம் உயரக் குழாயின் உச்சியில் நெருப்பு எரியுமே, நாம் எல்லோரும் பிறந்ததிலிருந்து பார்க்கிற நெருப்பு, அது தன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறது என்பார். முதலில் மந்திரித்தார்கள், கயிறு கட்டினார்கள். பிறகுதான் ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்கள். மாத்திரை ஆரம்பித்தார்கள்.

மாத்திரை ஆரம்பித்த முதல் மாதம், ஒரு சனிக்கிழமை. அம்மா ரேஷன் கடைக்குக் கிளம்பும்போது, “டேய், அத்தையப் பார்த்துக்க, இதோ வந்துடறேன்” என்றார். நான் வாசற்படியில் உட்கார்ந்துகொண்டேன். வெளியே போவதென்றால் என்னைத் தாண்டித்தானே போக வேண்டும்? கையில் போன், போனில் கிரிக்கெட். அஞ்சு நிமிஷத்துக்கு ஒருதரம் உள்ளே எட்டிப் பார்த்தேன். அத்தை ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். அடுத்தமுறை எட்டிப் பார்த்தபோது இல்லை. பின்கதவு திறந்திருந்தது.

மூன்று மணி நேரம் தேடினோம். மார்க்கெட், பஸ் ஸ்டாண்டு, சாத்தாங்காடு வரை. கடைசியில் எங்கள் தெருவில் ஷேர் ஆட்டோ ஓட்டும் அண்ணன்தான் வந்து சொன்னார், திருவொற்றியூர் போகிற வழியில் பக்கிங்காம் கால்வாய்ப் பாலத்துக்குப் பக்கத்தில் இருக்கிறார் என்று. ஓடினோம். அங்கே ஒரு இட்லிக்கடை ஆயா, கடையை அப்படியே போட்டுவிட்டு அத்தைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். அத்தை கையில் டீ கிளாஸ். “தண்ணியவே பாத்துக்கினு நின்னுச்சு. நா ஒண்ணும் கேக்கல. வாம்மா டீ குடின்னேன், வந்து குந்திச்சு” என்றார் ஆயா. அவ்வளவுதான் சொன்னார். இட்லிப் பானையில் தண்ணீர் வற்றி அடிப்பிடித்த வாசனை வந்துகொண்டிருந்தது.

அம்மா என்னை அடிக்கவில்லை. “பார்த்துக்கச் சொன்னேனேடா” என்று மட்டும் கேட்டார். “பார்த்துட்டுத்தாம்மா இருந்தேன்” என்றேன். பொய் சொல்லவில்லை. பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

சரி, நாடகத்துக்கு வருகிறேன். பதினைந்தாவது நாளோ என்னவோ, மூன்று தலைப்பும் போன கடுப்பில் நாலாம் அங்கத்தைத் திரும்பப் படித்தேன். ஐந்தாவது காட்சி, புத்தி பேதலித்த ஒஃபீலியா பாட்டுப் பாடிக்கொண்டு வருகிற இடம். அவள் வெளியே போனதும் ராஜா ஒரு உத்தரவு போடுகிறான்: பின்னாலேயே போங்கள், நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். நூறு தடவை அம்மா வாயிலிருந்து கேட்ட வார்த்தை. புத்தகத்தை மூடிவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்துத் திறந்து, பென்சிலை எடுத்துக்கொண்டு ஒரே ஒரு கேள்வியோடு படித்தேன். அந்த உத்தரவு என்ன ஆயிற்று?

இதற்குமேல் நான் கண்டதெல்லாம் நாடகத்திலேயே இருக்கிறது. யாரும் சரிபார்க்கலாம்.

அந்த நேரத்தில் ராஜா ராணியோடு மேடையில் இருப்பவன் ஹொரேஷியோ, ஹாம்லெட்டின் உயிர் நண்பன். நாடகத்திலேயே நல்லவன் என்று யோசிக்காமல் சொல்லக்கூடிய ஒரே ஆள். உத்தரவு அவனுக்குத்தான் என்று பல பதிப்புகளில் கொள்கிறார்கள். அவன் அவள் பின்னால் போகிறான். ஆனால் அதே காட்சியில் ஒஃபீலியா மறுபடி உள்ளே வருகிறாள். ஹொரேஷியோ கூட வந்ததாக ஒரு வார்த்தை இல்லை. அடுத்த காட்சியில் ஹொரேஷியோ வேறு இடத்தில் இருக்கிறான். மாலுமிகள் ஹாம்லெட்டின் கடிதத்தைக் கொண்டுவருகிறார்கள். படித்த கையோடு அவர்களுடன் ஹாம்லெட்டைப் பார்க்கக் கிளம்பிவிடுகிறான். ஒஃபீலியாவைப் பற்றி ஒரு பேச்சு இல்லை. அதற்கடுத்த காட்சியில் அவள் அண்ணனும் ராஜாவும் உட்கார்ந்து ஹாம்லெட்டைக் கொல்லக் கத்தியில் விஷம் தடவுவது பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அப்போது ராணி வந்து, உன் தங்கை மூழ்கிவிட்டாள் என்கிறாள்.

ராணி சொல்லும் விவரத்தைக் கவனியுங்கள். ஓடைமேல் சாய்ந்த மரம், என்னென்ன பூக்களால் மாலை கட்டியிருந்தாள், எந்தக் கிளையில் மாட்டப் போனாள், கிளை எப்படி முறிந்தது, உடை விரிந்து கொஞ்ச நேரம் அவளை மிதக்க வைத்தது, அப்போதும் பாடிக்கொண்டிருந்தாள், பிறகு உடை நனைந்து கனத்து இழுத்துப் போனது. இவ்வளவும் தெரிகிறதென்றால் யாரோ கரையில் நின்று முழுக்கப் பார்த்திருக்க வேண்டும். பார்த்தவர் யார் என்று நாடகம் சொல்லவில்லை. இறங்கித் தூக்கியதாகவும் சொல்லவில்லை.

ஐந்தாம் அங்கம் இன்னும் மோசம். இடுகாட்டில் ஹாம்லெட்டும் ஹொரேஷியோவும் நிற்கிறார்கள். குழி யாருக்கு என்று ஹாம்லெட்டுக்குத் தெரியாது. ஹொரேஷியோ ஒன்றும் சொல்லவில்லை. அவள் செத்தது அவனுக்கே தெரியாதா? அவளுக்குப் புத்தி பேதலித்தது தெரியுமே, அதையாவது சொன்னானா? சவ ஊர்வலம் வந்து, லயர்ட்டீஸ் பாதிரியாரிடம் பேசுவதைக் கேட்டுத்தான் ஹாம்லெட் தெரிந்துகொள்கிறான்.

ஓடினேன் மிஸ்ஸிடம். “மிஸ், ஹொரேஷியோதான் குற்றவாளி!”

மிஸ் அமைதியாகக் கேட்டுவிட்டு ஒரே தட்டில் கவிழ்த்துவிட்டார். “ஹொரேஷியோ இடுகாட்டுல ஹாம்லெட் கூட இருக்கணும். அது ஆசிரியரோட தேவை. ஹாம்லெட்டுக்கு விஷயம் முன்னாலேயே தெரிஞ்சா அந்தக் காட்சியே இல்ல. நாடகக்காரரோட சௌகரியத்தைப் பாத்திரத்தோட குற்றம்னு எழுதாதே.” எனக்கு முகம் வாடிவிட்டது. அவர் விடவில்லை. “ஆனா நீ கேட்ட கேள்வி நல்லா இருக்கு. யார் குத்தம்னு கேக்காதே. ‘பார்த்துக்கொள்ளுங்கள்’னு ராஜா சொல்றானே, அவன் எந்த அர்த்தத்துல சொல்றான்னு பாரு.”

நண்பர்களே, இந்தப் பதினெட்டு நாளில் எனக்குக் கிடைத்த பெரிய பாடம் இதுதான். ‘யார்’ என்று கேட்டால் ஒரு பெயரோடு கட்டுரை முடிந்துவிடுகிறது. ‘எந்த அர்த்தத்தில்’ என்று கேட்டால் ஒவ்வொரு காட்சியையும் திறக்க வேண்டியிருக்கிறது.

திறந்து பார்த்தேன். கிளாடியஸ் ஏற்கெனவே மூன்றாம் அங்கத்தில் ஹாம்லெட்டைப் பற்றி இதையே சொல்லியிருக்கிறான்: பெரிய இடத்தில் பைத்தியம் வந்தால் கண்காணிக்காமல் விடக்கூடாது. அதன்படி இளவரசனுக்கு என்னென்ன ஏற்பாடு! பழைய சிநேகிதர்கள் இரண்டு பேரை வரவழைத்து வேவு பார்க்கிறார்கள். திரைக்குப் பின்னால் ராஜாவும் மந்திரியும் ஒளிகிறார்கள். ஒஃபீலியாவையே கையில் புத்தகத்தைக் கொடுத்துத் தூண்டில் புழுவாக நிறுத்துகிறார்கள். கடைசியில் இங்கிலாந்துக்குக் கப்பலேற்றுகிறார்கள். இவ்வளவு பேர் பார்க்கிறார்கள், ஒருவரும் பார்த்துக்கொள்ளவில்லை. ஒஃபீலியா விஷயத்திலும் அதே அர்த்தம்தான். அவளோடு பேசவே மாட்டேன் என்கிறாள் ராணி முதலில். உள்ளே விடச் சம்மதிப்பதற்குச் சொல்லப்படும் காரணம், இவள் உளறுவதைக் கேட்டு ஜனங்கள் தப்பாக எதையாவது நினைத்துக்கொள்வார்கள் என்ற பயம். அவள் சாப்பிட்டாளா, தூங்கினாளா என்று அந்த அரண்மனையில் யாரும் கேட்கவில்லை.

தமிழில் நமக்கு இது சுலபமாகப் புரியும். ‘பார்’ வேறு, ‘பார்த்துக்கொள்’ வேறு. வாசற்படியில் உட்கார்ந்து நான் செய்தது முதலாவது. ஆயா செய்தது இரண்டாவது.

தலைப்பு இங்கேயே கிடைத்துவிட்டது, மேலே எழுதியிருப்பதுதான். ஆனால் கட்டுரையின் பாதி அத்தையிடமிருந்து வந்தது. இப்போது அத்தை தேறியிருக்கிறார், மாத்திரை தொடர்கிறது, சாயங்காலம் எதிர்வீட்டுக் குழந்தைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறார். ஒஃபீலியா கதையை அவரிடம் சொன்னபோது ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: “அந்தப் பொண்ணு பாடுச்சுன்னியே, என்னா பாட்டுடா?”

நான் முழித்தேன். பாட்டையெல்லாம் உளறல் என்று தாண்டிப் போயிருந்தேன். மிஸ்கூட அதுவரை கேட்கவில்லை.

போய்ப் பார்த்தால், ஒரு பாட்டு செத்துப்போன ஒருவனைப் பற்றியது. அழுகையோடு சேர்ந்த முறையான அடக்கம் அவனுக்குக் கிடைத்ததா என்பதில்தான் பாட்டே நிற்கிறது. பொலோனியஸை எப்படிப் புதைத்தார்கள்? ரகசியமாக, அவசர அவசரமாக. கிளாடியஸே அது தப்பு என்று அதே காட்சியில் ஒத்துக்கொள்கிறான். இன்னொரு பாட்டு, கல்யாணம் செய்வேன் என்று சொல்லி ஏமாற்றிவிட்டுப் போனவனைப் பற்றி ஒரு பெண் பாடுவது. அரண்மனையில் நல்ல புத்தியோடு இருந்த எவரும் வாய்விட்டுச் சொல்லாத இரண்டு விஷயங்களை அவள் பாட்டில் சொல்லிவிட்டாள். ஹாம்லெட் உளறியபோது பொலோனியஸ், இதில் ஏதோ ஒழுங்கு இருக்கிறதே என்று காது கொடுத்தார். இளவரசன் உளறினால் அர்த்தம் தேடுகிறார்கள். இவள் பாடினால் ஐயோ பாவம் என்கிறார்கள். இருபது காட்சிகளில் ஒஃபீலியா உயிரோடு வருவதே ஐந்தில்தான். அதில் அவள் மனதில் இருந்ததை யாரும் குறுக்கிடாமல் நாம் கேட்பது மிகக் கொஞ்சம்.

இன்னொரு பத்தியும் கட்டுரையில் சேர்த்தேன். சேர்க்கலாமா என்று மிஸ் யோசித்தார், பிறகு சரி என்றார். பார்த்துக்கொள்வது என்ற பெயரில் நம் ஊரில் நடந்தது. இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலை, மனநோயாளிகளைத் தங்கவைத்திருந்த ஒரு கொட்டகை தீப்பிடித்தது. 28 பேர் இறந்தார்கள். சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் அவர்களால் ஓட முடியவில்லை. ஓடிப்போகாமல் இருக்கத்தான் சங்கிலி. அங்கே கொண்டுவந்து விட்ட குடும்பங்களும் ‘பார்த்துக்கொள்ளுங்கள்’ என்றுதான் சொல்லிவிட்டுப் போயிருக்கும். அதன்பிறகு அப்படிப்பட்ட இல்லங்கள் மூடப்பட்டன. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுவதை எந்த வடிவிலும் கூடாது என்று தடுக்கிறது. அதே சட்டம், தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன உளைச்சலில் இருந்தவராகவே கருத வேண்டும், அரசு அவருக்குச் சிகிச்சை தர வேண்டும் என்றும் சொல்கிறது. ஒஃபீலியாவின் குழியருகே நின்று, இவளுக்கு முழுச் சடங்கு கிடையாது, சாவில் சந்தேகம் இருக்கிறது என்று பாதிரியார் வாதாடும் இடத்தைப் படிக்கும்போது இது எனக்கு ஞாபகம் வந்தது.

சொல்லவேண்டிய இன்னொன்று. நம் வகுப்பில் யாராவது கொஞ்சம் வித்தியாசமாகப் பேசினால் “கீழ்ப்பாக்கம் கேஸு” என்கிறோம். நானும் சொன்னவன்தான், அத்தை வீட்டுக்கு வருவதற்கு முன்னால். 1794-இல் கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் தொடங்கிய மருத்துவமனை அது, கீழ்ப்பாக்கத்துக்கு வந்தது 1871-இல். அங்கே 1961 முதல் கண்காணிப்பாளராக இருந்த டாக்டர் சாரதா மேனன் இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர். ஓய்வுக்குப் பிறகும் விடவில்லை, 1984-இல் மனச்சிதைவு நோயாளிகளுக்காகச் சென்னையில் ‘ஸ்கார்ஃப்’ அமைப்பைத் தொடங்கினார். 2021-இல் காலமானார். கிண்டலுக்கு எடுத்துக்கொண்ட ஊர்ப்பெயருக்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது. (யாருக்காவது மனசு சரியில்லை, வீட்டில் சொல்ல முடியவில்லை என்றால் 14416 என்ற இலவச எண்ணில் தமிழிலேயே பேசலாம். இந்த எண்ணை எழுதச் சொன்னதும் அத்தைதான்.)

தலைப்புத் தேடும் தம்பி தங்கைகளுக்கு, நான் செய்த தப்புகளிலிருந்து சில விஷயம். ஆமாவா இல்லையா என்று முடிகிற கேள்வியை எடுக்காதீர்கள். நாடகம் ஒன்றரைப் பக்கம், மற்றதெல்லாம் பத்துப் பக்கம் என்று ஆனால் அந்தத் தலைப்பைத் தூக்கிப் போடுங்கள். ஒரு சொல்லோ, ஒரு உத்தரவோ, ஒரு பொருளோ எதையாவது பிடித்துக்கொண்டு அது எந்தெந்தக் காட்சியில் வருகிறது, யார் வாயில் வருகிறது என்று பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே போங்கள். நான் போட்ட கோடுகள் மொத்தம் ஒன்பது இடம்தான், நாலு பக்கத்துக்கு அதுவே அதிகம். உங்கள் எண்ணத்துக்கு எதிராக இருக்கும் இடத்தையும் கோடு போடுங்கள். எனக்கு அப்படி ஒன்று உண்டு. இடுகாட்டில் ராணி ஒஃபீலியாவின் மேல் பூத்தூவி, உன்னை என் மருமகளாகப் பார்க்க நினைத்தேனே என்று வருந்துகிறாள். அவளுக்குப் பாசமே இல்லை என்று நான் எழுதியிருந்த வரியை அந்த இடம் அடித்துவிட்டது. பாசம் இருந்திருக்கிறது, ஆனாலும் அன்றைக்குப் பேசமாட்டேன் என்றிருக்கிறாள். இரண்டையும் அப்படியே எழுதினேன்.

கட்டுரைக்கு இரண்டாம் பரிசு கிடைத்தது. முதல் பரிசு பக்கத்துப் பிரிவுக்கு, ஆவியை ஏன் அம்மா மட்டும் பார்க்கவில்லை என்பது தலைப்பு. அதுவும் பிரமாதமாக இருந்தது, அடுத்த இதழில் வரும் என்கிறார்கள்.

அடுத்த போட்டி ‘மெக்பெத்’ என்று கேள்வி. நான் எழுதப்போவதில்லை, பரீட்சை இருக்கிறது. அதனால் ஒரு இடத்தைச் சொல்லிவிடுகிறேன், வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம். ஐந்தாம் அங்கம், முதல் காட்சி. லேடி மெக்பெத் தூக்கத்தில் நடந்துவந்து, இல்லாத ரத்தக்கறையைக் கையிலிருந்து தேய்த்துக் கழுவுகிறாள். ஒரு மருத்துவரும் ஒரு பணிப்பெண்ணும் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கடைசியில் மருத்துவர் கிளம்பும்போது பணிப்பெண்ணிடம் என்ன சொல்லிவிட்டுப் போகிறார் என்று படித்துப் பாருங்கள்.